நியூசிலாந்து நாடாளுமன்றத் தெரிவுக்குழுக்கள்: இணையத் துன்புறுத்தல் சட்டமும் அரசு வீடுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்து நாடாளுமன்றத்தின் தெரிவுக்குழுவில் ஓர் உறுப்பினர் என்னதான் செய்கிறார் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டே போனால் எதுவும் பிடிபடாது. அதனால் இரண்டு துறைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்: இணையவழித் துன்புறுத்தல், அரசு வீட்டு வசதி. முதல் துறையில் குழுக்கள் சட்டத்தின் போக்கையே திருப்பியிருக்கின்றன. இரண்டாவதில் பெரும்பாலும் கேள்வி கேட்டு, பதிவு செய்து, அத்தோடு நின்றிருக்கின்றன.

தெரிவுக்குழு எதற்கு? அவையிலேயே விவாதித்து முடிக்கக் கூடாதா?

நியூசிலாந்தில் மேலவை கிடையாது. இருந்த ஒன்றையும் 1950ஆம் ஆண்டின் முடிவோடு கலைத்துவிட்டார்கள். அரசு கொண்டுவரும் மசோதாவை இன்னொரு முறை நிதானமாகப் பார்க்க வேறு சபை இல்லாததால், அந்த வேலை தெரிவுக்குழுவின் தலையில் விழுந்தது. முதல் வாசிப்பு முடிந்ததும் மசோதா குழுவுக்குப் போகும். வழக்கமாக ஆறு மாத அவகாசம். குழுவின் அறிக்கைக்குப் பிறகு இரண்டாம் வாசிப்பு, முழு அவையும் குழுவாக அமர்ந்து பிரிவு பிரிவாகப் பார்ப்பது, மூன்றாம் வாசிப்பு, கவர்னர் ஜெனரலின் ஒப்புதல். குழுவில் இடங்கள் அவையில் கட்சிகளுக்கு உள்ள பலத்தின்படி பிரிக்கப்படும்.

எல்லா மசோதாவும் குழுவுக்குப் போகுமா?

அநேகமாக எல்லாம். 'அவசரம்' என்று அரசு தீர்மானம் கொண்டுவந்து பெரும்பான்மையும் கிடைத்துவிட்டால் குழுவைத் தாண்டிக் குதித்துவிடலாம். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தக் குறுக்குவழியை விட்டுவைத்ததில்லை.

உறுப்பினரின் வேலை நடைமுறையில் எப்படி இருக்கும்?

வாசிப்புதான் பெரும்பகுதி. அவை கூடும் வாரங்களில் புதன், வியாழன் காலைகளில் குழுக்கள் அமர்வது வழக்கம். அதற்கு முன்பே மக்கள் அனுப்பிய கருத்துரைகளைப் படித்திருக்க வேண்டும். பிறகு நேரில் பேச வருபவர்களைக் கேட்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். அதற்குப் பின் துறை அதிகாரிகள் எல்லாக் கருத்துரைகளையும் தொகுத்து, பிரிவு வாரியாக 'இதை ஏற்கலாம், இதை வேண்டாம்' என்று ஓர் அறிக்கை தருவார்கள். உண்மையான பேரம் அந்த அறிக்கையை வைத்துத்தான் நடக்கிறது.

குழு அவைக்குத் திருப்பி அனுப்பும் மசோதாவின் அச்சுப் பிரதியை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். நீக்கிய சொற்கள் கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும். சேர்த்த சொற்கள் தனியாகத் தெரியும்படி அடையாளமிடப்பட்டிருக்கும். எந்தத் திருத்தம் ஒருமனதாக வந்தது, எது பெரும்பான்மையால் வந்தது என்பதற்கும் குறியீடு உண்டு. பத்திரிகைச் செய்தி பத்தைப் படிப்பதைவிட அந்தக் குறியீடுகளைப் பார்த்தால் எங்கே சண்டை நடந்தது என்று விளங்கிவிடும். உடன்படாத கட்சிகள் தங்கள் மாற்றுக் கருத்தையும் அறிக்கையிலேயே எழுதி வைக்கலாம். வாக்குகள் சமமானால் குழுத் தலைவருக்கு முடிவைத் தீர்மானிக்கும் கூடுதல் வாக்கு கிடையாது. திருத்தம் தோற்றதாகவே கணக்கு.

யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாமா?

சொல்லலாம். வயது வரம்பு இல்லை, குடியுரிமையும் தேவையில்லை. கருத்துரை பொதுவாக உங்கள் பெயருடன் வெளியிடப்படும், முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியிடப்படா. நேரில் பேசும் அமர்வுகளைப் பொதுமக்களும் செய்தியாளர்களும் பார்க்கலாம். இந்தியாவில் நாடாளுமன்ற நிலைக்குழுக் கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடந்து, பிறகு அறிக்கை மட்டும் வெளியே வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். ஆனால் கருத்துகளைக் கேட்டு முடித்தபின் குழு தனக்குள் விவாதிக்கும் கட்டம் நியூசிலாந்திலும் மூடிய கதவுக்குள்தான்.

பாதிக்கப்பட்டவர் குழுவின் முன் பேசினால், துன்புறுத்தியவர் அவதூறு வழக்குப் போட முடியுமா?

குழுவின் முன் தரும் சாட்சியம் நாடாளுமன்ற நடவடிக்கையின் பகுதி. அதற்காக வழக்குத் தொடர முடியாது. வெளியே வந்து அதையே திரும்பச் சொன்னால் அந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. ஒருவரின் பெயரைக் கடுமையாகக் கெடுக்கும் சாட்சியம் வந்தால், அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் விதி. சாட்சியத்தைத் தனிப்பட்ட முறையில் தரக் கேட்கலாம். அது குழு அவைக்கு அறிக்கை தரும்வரை வெளிவராது. இன்னும் கடுமையான நிலையில் 'இரகசியச் சாட்சியம்' என்ற வகை உண்டு. அவையின் அனுமதியின்றி அதை வெளியிட முடியாது.

இணையத் துன்புறுத்தலுக்கான அடிப்படைச் சட்டம் எது?

2015ஆம் ஆண்டின் தீங்கு விளைவிக்கும் டிஜிட்டல் தொடர்புகள் சட்டம். இதற்கு வித்திட்டது 2012இல் நியூசிலாந்துச் சட்ட ஆணையம் தந்த அறிக்கை. 2013 நவம்பரில் அன்றைய நீதித்துறை அமைச்சர் ஜூடித் காலின்ஸ் மசோதாவைக் கொண்டுவந்தார். நீதி மற்றும் தேர்தல் விவகாரக் குழு 2014 மே மாதத்தில் அறிக்கை தந்தது. இடையில் பொதுத்தேர்தல் வந்துபோனது. புதிய அமைச்சர் ஏமி ஆடம்ஸின் கையில் மசோதா 2015 ஜூன் 30 அன்று நிறைவேறியது. ஆதரவாக 116 வாக்கு, எதிராக 5.

எதிர்த்த ஐவரில் நால்வர் பசுமைக் கட்சியினர். அந்தக் கட்சியின் மற்றவர்கள் ஆதரித்தார்கள். ஐந்தாமவர் ஆக்ட் கட்சியின் டேவிட் சீமோர். பொருளாதாரக் கொள்கையில் இரு துருவங்களாக நிற்பவர்கள் பேச்சுரிமை என்ற ஒரே காரணத்துக்காக ஒரே பக்கம் வாக்களித்தார்கள். இந்தச் சட்டம் கட்சிக் கோடுகளுக்குள் அடங்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தச் சட்டம் என்ன செய்கிறது?

இரண்டு பாதைகள். ஒன்று உரிமையியல் பாதை. முதலில் நெட்சேஃப் என்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிடம் புகார் செய்ய வேண்டும். அவர்கள் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். தீராவிட்டால் மாவட்ட நீதிமன்றம். பதிவை நீக்கு, திருத்து, மன்னிப்புக் கேள், பெயர் மறைத்து எழுதியவர் யார் என்று சொல் என்றெல்லாம் அந்த நீதிமன்றம் உத்தரவிடலாம். நெட்சேஃப் இந்தப் பணியைத் தொடங்கியது 2016 நவம்பரில். சட்டம் வந்து ஓராண்டுக்கும் மேல் இந்தப் பாதை திறக்கவேயில்லை.

மற்றது குற்றவியல் பாதை. தீங்கு செய்யும் நோக்கத்துடன் பதிவிட்டிருக்க வேண்டும், அதே நிலையில் உள்ள சாதாரண மனிதருக்கு அது தீங்கு தரக்கூடியதாக இருக்க வேண்டும், உண்மையிலேயே தீங்கு நேர்ந்திருக்கவும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் குற்றம். தீங்கு என்பதற்குச் சட்டம் தரும் வரையறை 'கடுமையான மனவேதனை'. தண்டனை இரண்டு ஆண்டு சிறை அல்லது 50,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம். நிறுவனமென்றால் அபராதம் 200,000 டாலர் வரை.

முதல் வரைவுக்கும் இறுதிச் சட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டா?

உண்டு. அறிமுகமானபோது இந்தக் குற்றத்துக்குத் தண்டனை மூன்று மாதச் சிறை அல்லது 2,000 டாலர். குழுவிலிருந்து வெளியே வந்தபோது அது இரண்டு ஆண்டாகியிருந்தது. அதற்கும் முன்பு, சட்ட ஆணையம் இதற்கென்றே ஒரு தனித் தீர்ப்பாயம் கேட்டிருந்தது. அரசு அதை ஏற்காமல் மாவட்ட நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. தீர்ப்பாயம் இருந்திருந்தால் விரைவும் எளிமையும் கிடைத்திருக்கும் என்பதே என் கருத்து. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத ஒரு பள்ளி மாணவிக்கு நீதிமன்றப் படி உயரம்தான்.

இந்தியாவின் 66ஏ பிரிவைப் போன்றதுதானே இதுவும்?

அப்படிக் கேட்பது நியாயம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2015 மார்ச் 24 அன்று. நியூசிலாந்து தன் சட்டத்தை நிறைவேற்றியது அதே ஆண்டு, மூன்று மாதம் கழித்து. 66ஏ 'மிகவும் புண்படுத்தும்' தகவலை அனுப்புவதையே குற்றமாக்கியது. நியூசிலாந்துச் சட்டம் வகுத்துள்ள பத்துத் தொடர்புக் கோட்பாடுகளில் ஒன்றிலும் அதே சொற்கள் இருக்கின்றன.

வித்தியாசம் அந்தச் சொற்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில். நியூசிலாந்தில் அவை உரிமையியல் பாதைக்கு மட்டும் வழிகாட்டும் கோட்பாடுகள். யாரையும் சிறைக்கு அனுப்ப அவை போதாது. அதற்கு நோக்கமும் நேர்ந்த தீங்கும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஒரு கேலிச்சித்திரத்தைப் பகிர்ந்தவரை இரவோடு இரவாகக் கைது செய்ய 66ஏ இடம் கொடுத்ததுபோல் இது இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் எதிர்த்து வாக்களித்தவர்களின் அச்சத்தை நான் வெறும் கற்பனை என்று தள்ள மாட்டேன். அடுத்த கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

48 மணி நேர விதி என்கிறார்களே, அது என்ன?

இணையத்தில் பிறர் எழுத இடம் தருபவரைப் பாதுகாக்கும் ஏற்பாடு. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் அதைப் பதிவை எழுதியவருக்கு அனுப்ப வேண்டும். எழுதியவருக்குப் பதில் சொல்ல 48 மணி நேரம். அவர் நீக்க மறுத்துப் பதில் அனுப்பினால் பதிவு அப்படியே இருக்கலாம். அவர் பதில் சொல்லாவிட்டால் அல்லது அவரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் நீக்கிவிட வேண்டும். இந்த வரிசைப்படி நடந்தால் இடம் தந்தவர் மீது வழக்கு வராது.

காகிதத்தில் இது நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் வெளியூர் போயிருந்த ஒருவர் இரண்டு நாள் மின்னஞ்சல் பார்க்கவில்லை என்பதற்காக, அவர் எழுதிய நியாயமான விமர்சனம் காணாமல் போகலாம். நீக்குபவருக்கு அதில் இழப்பில்லை, நீக்காமல் விடுபவருக்குத்தான் ஆபத்து.

அந்தரங்கப் படங்களைப் பரப்பியவர்கள் தப்பித்துக்கொண்டதாகச் சொல்கிறார்களே?

'தீங்கு செய்யும் நோக்கம்' என்ற சொற்களில்தான் ஓட்டை இருந்தது. வேடிக்கைக்காகப் போட்டேன், நண்பர்களிடம் பெருமைக்காகக் காட்டினேன் என்று ஒருவர் சொன்னால் நோக்கத்தை மெய்ப்பிப்பது கடினம். தீங்கை மெய்ப்பிப்பதும் எளிதாக இல்லை. மனைவியின் படங்களை இணையத்தில் போட்ட ஒருவர் மீதான ஆரம்பகால வழக்கு ஒன்றில், மனவேதனை போதிய அளவு கடுமையாக இல்லை என்று மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2017இல் உயர் நீதிமன்றம் அந்தப் பார்வையைத் திருத்தி மறுவிசாரணைக்கு அனுப்பியது.

இதைச் சரிசெய்தது அரசு மசோதா இல்லை, தனி உறுப்பினர் மசோதா. அமைச்சராக இல்லாத தொழிற்கட்சி உறுப்பினர் லூயிசா வால் கொண்டுவந்தது. நியூசிலாந்தில் இத்தகைய மசோதாக்களைக் குலுக்கலில் எடுக்கிறார்கள். எண்ணிட்ட வில்லைகளைப் போட்டுவைத்திருப்பது ஒரு பழைய பிஸ்கட் டின்னில். நாட்டின் சட்டம் எதைப் பற்றியதாக இருக்கும் என்பதைப் பிஸ்கட் டின் தீர்மானிக்கிறது என்று சிரிக்கலாம். ஆனால் ஆளுங்கட்சிக் கொறடாவின் தயவில்லாமல் ஒரு விஷயம் அவைக்கு வர அது முக்கியமான வழி.

அந்த மசோதா நீதிக்குழுவைக் கடந்து 2022இல் சட்டமானது. இப்போது ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லை என்று தெரிந்தோ, சம்மதம் உண்டா என்று கவலைப்படாமலோ வெளியிட்டாலே குற்றம். நோக்கத்தையும் மனவேதனையின் அளவையும் மெய்ப்பிக்கத் தேவையில்லை. தன் துயரத்தை நீதிமன்றத்தில் அளந்துகாட்டும் பாரம் பாதிக்கப்பட்டவரின் தோளிலிருந்து இறங்கியது.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் போலிப் படங்களுக்கும் இது பொருந்துமா?

இந்தச் சட்டம் எழுதப்பட்டது உண்மையான பதிவுகளை மனதில் வைத்து. இடைவெளியைக் காட்டுவதற்காக 2025இல் லாரா மெக்லூர் என்ற உறுப்பினர், தன்னைப் போலவே செய்யப்பட்ட போலி நிர்வாணப் படத்தை அவையிலேயே தூக்கிப் பிடித்தார். சில நிமிடங்களில் தானே உருவாக்கியது என்றும் சொன்னார்.

ஒரு குழு உண்மையிலேயே சட்டத்தை மாற்றியதற்கு ஓர் உதாரணம் கொடுங்கள்.

பின்தொடர்ந்து துன்புறுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் மசோதா. 2022 டிசம்பரில் ஆக்லாந்தில், தன்னைப் பின்தொடர்ந்தவனைப் பற்றி முன்பே போலீசில் புகார் செய்திருந்த ஒரு சட்ட மாணவி கொல்லப்பட்ட பிறகு, அதற்கான கோரிக்கை வலுத்தது. 2024 டிசம்பரில் அரசு மசோதாவைக் கொண்டுவந்தது. அதிகபட்சத் தண்டனை ஐந்து ஆண்டு சிறை. ஆனால் குற்றமாக வேண்டுமானால் 12 மாதங்களுக்குள் மூன்று முறை அப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

இந்த எண்களின் மேல்தான் கருத்துரைகள் வந்து குவிந்தன. பின்தொடர்பவன் நாள்தோறும் வாசலில் நிற்பான் என்று இல்லை. பிரிந்த நாளன்று ஒரு பூங்கொத்து, அடுத்த ஆண்டு பிறந்த நாளன்று ஒரு செய்தி என்று இடைவெளி விட்டு வருபவனும் உண்டு. பெறுபவருக்கு அது போதும், நடுங்கிப்போக. மூன்றாவது முறை வரை காத்திரு என்று சொல்வது, இரண்டாவது முறைக்கும் மூன்றாவது முறைக்கும் நடுவே என்ன நடந்தாலும் பரவாயில்லை என்று சொல்வதாகும்.

2025 ஜூனில் நீதிக்குழு தந்த பரிந்துரை: 24 மாதங்களுக்குள் இரண்டு முறை. ஒருவரின் வீட்டு முகவரி போன்ற அடையாள விவரங்களை இணையத்தில் அம்பலப்படுத்துவதையும் துன்புறுத்தல் பட்டியலில் சேர்த்தது. எண்களும் ஒரு பட்டியல் வரியும் மாறின, அவ்வளவுதான். அந்த மாற்றத்தால் யார் காவல் நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்படுவார், யாருடைய புகார் பதிவாகும் என்பதே மாறிவிடும்.

இப்போது வீட்டு வசதிக்கு வருவோம். நியூசிலாந்தில் அரசு வீடு என்பது என்ன?

அரசே கட்டி வாடகைக்கு விடும் வீடு. 1937 செப்டம்பரில் வெலிங்டன் நகரின் மிரமார் பகுதியில் முதல் வீடு திறக்கப்பட்டபோது, பிரதமர் மைக்கேல் ஜோசப் சாவேஜ் குடிவருபவரின் சாப்பாட்டு மேசையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் புகைப்படம் இன்றும் ஒவ்வொரு விவாதத்திலும் தலைகாட்டும். 1990களில் தேசியக் கட்சி அரசு சந்தை வாடகையைக் கொண்டுவந்தது. 2000இல் தொழிற்கட்சி அரசு வருமானத்தில் 25 சதவீதம் என்ற முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. வீடுகளை நிர்வகிக்கும் அமைப்பு 2019 முதல் காயிங்கா ஓரா என்று அழைக்கப்படுகிறது.

வீட்டு வசதிச் சட்டங்களில் குழு என்ன சாதித்தது?

குறைவுதான். 2013ஆம் ஆண்டின் சமூக வீட்டு வசதிச் சீர்திருத்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு வீடு தேவை என்று மதிப்பிடும் அதிகாரம் வீட்டு வசதி நிறுவனத்திடமிருந்து சமூக மேம்பாட்டு அமைச்சகத்துக்கு 2014 ஏப்ரலில் மாறியது. வருமானத்துக்கேற்ற வாடகை மானியம் தொண்டு அமைப்புகளின் வீடுகளுக்கும் விரிந்தது. வாழ்நாள் முழுக்க வீடு என்ற உறுதி போய், அவ்வப்போது மறுபரிசீலனை வந்தது. சமூக சேவைக் குழு மக்களைக் கேட்டது. கட்டமைப்பு அசையவில்லை.

அரசு வீடுகளை விற்கும் அதிகாரத்தை அமைச்சர்களுக்குத் தந்த அடுத்த மசோதாவிலும் அதே கதை. 2015இல் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பு வீடுகளை வாங்கப்போவதில்லை என்று பின்வாங்கியது அரசுக்குப் பெரிய சங்கடம். அது குழு அறைக்கு வெளியே நடந்தது. 2017இல் டௌரங்கா நகரில் 1,100க்கும் மேற்பட்ட வீடுகள் ஒரு தொண்டு அமைப்பின் கைக்கு மாறின. அதே ஆண்டு ஆட்சி மாறியதும் விற்பனை நின்றது. வீட்டுச் சட்டத்தை மாற்றியது தேர்தல்.

ஏன் இந்த வேறுபாடு?

பின்தொடர்வதற்கு ஆதரவாக எந்தக் கட்சியும் இல்லை. இலக்கு ஒன்றே என்பதால் சொற்களையும் எண்களையும் பேசித் திருத்த முடிகிறது, யாருக்கும் முகம் கெடுவதில்லை. வீடு அப்படியில்லை. அரசே வீட்டுக்காரராக இருக்க வேண்டுமா என்பதிலேயே கட்சிகள் பிரிந்து நிற்கின்றன, வரவுசெலவுத் திட்டம் அதன் பின்னால் நிற்கிறது. குழுவில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒரு கருத்துரையால் மனம் மாறினாலும் அமைச்சரைத் தாண்டி வாக்களிக்க மாட்டார்.

அப்படியானால் வீட்டு விஷயத்தில் குழு உறுப்பினர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரா?

மசோதாவை விட்டுவிட்டு ஆண்டுப் பரிசீலனையைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் வீட்டு வசதி நிறுவனத்தின் தலைவர்கள் குழுவின் முன் வந்து கணக்குச் சொல்ல வேண்டும். எத்தனை வீடு காலியாகக் கிடக்கிறது, பழுது பார்க்க எத்தனை நாள், எத்தனை பேரை வெளியேற்றினீர்கள் என்று கேட்கலாம். பதில் எழுத்தில் வரும், பதிவில் நிற்கும்.

இந்தக் கேள்விகள் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு மெத்தாம்பெட்டமைன் விவகாரமே சாட்சி. வீட்டுச் சுவரில் 100 சதுர சென்டிமீட்டருக்கு 1.5 மைக்ரோகிராம் போதைப்பொருள் படிவு இருந்தாலே அசுத்தம் என்பது 2017இல் வெளியான தர அளவுகோல். அதற்கு முன் இன்னும் குறைந்த அளவுக்கே குடும்பங்களை வெளியேற்றினார்கள். 2018 மே மாதத்தில் பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகர் பீட்டர் குளூக்மன், அந்த அளவு படிவால் யாருக்கும் நோய் வந்ததற்குச் சான்றில்லை, 15 மைக்ரோகிராம் வரை கவலை வேண்டாம் என்று அறிக்கை தந்தார். அதற்குள் சுமார் 800 குடித்தனங்கள் வீட்டை இழந்திருந்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தந்தது. 'இந்த எண்ணுக்கு என்ன ஆதாரம்?' என்ற ஒரே கேள்வியை விடாப்பிடியாகக் கேட்க ஒரு குழு உறுப்பினருக்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை.

அரசு வீட்டில் குடியிருக்கும் அண்டை வீட்டாரே துன்புறுத்தினால்?

இரண்டு துறைகளும் முட்டிக்கொள்ளும் இடம் இது. குடித்தனக்காரர்களை முடிந்தவரை வெளியேற்றாமல் காப்பது என்ற காயிங்கா ஓராவின் கொள்கையை 2024இல் அரசு நிறுத்தச் சொன்னது, தொல்லை தருபவர்களை வெளியேற்று என்றது. மிரட்டலுக்கு ஆளான அண்டை வீட்டாருக்கு அது நிம்மதி. வெளியேற்றப்பட்டவரின் குழந்தைகள் எங்கே போவார்கள் என்பது அடுத்த ஆண்டுப் பரிசீலனைக்கான கேள்வி.

கருத்துரை எழுதப்போகிறேன். எப்படி எழுதினால் படிப்பார்கள்?

எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல் என்று குறிப்பிடுங்கள். அதற்குப் பதில் என்ன சொல் வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு நடந்த ஒன்றை அதற்கு ஆதாரமாகச் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஒரே படிவத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் அதிகாரிகள் அதை ஒரு வரியில் தொகுத்துவிடுவார்கள். நேரில் பேச விரும்பினால் அதைக் கருத்துரையிலேயே தெரிவிக்க வேண்டும்.

மசோதா குழுவில் இருக்கும்போதே தேர்தல் வந்துவிட்டால்?

நாடாளுமன்றம் கலைந்தால் மசோதா காலாவதியாகும். புதிய அவை தீர்மானம் போட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். 2014 தேர்தலுக்குப் பிறகு தீங்கு விளைவிக்கும் டிஜிட்டல் தொடர்புகள் மசோதா உயிர் பிழைத்ததும் அப்படித்தான். நீங்கள் முன்பு தந்த கருத்துரையை மறுபடி அனுப்பத் தேவையில்லை.